மணலும் உப்பும் படிந்த சாலையை ஸ்கேன் செய்வது எப்படி: ராமநாதபுரம் கடலோரச் சாலைப் பராமரிப்புக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம் தாண்டிக் கடலை ஒட்டிப் போகும் சாலையில் லேசர் ஸ்கேனர் பூட்டிய வண்டியை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஓட்டினால், வரும் அறிக்கையில் பாதி சாலையைப் பற்றியும் மீதி அதன்மேல் கிடக்கும் மணலைப் பற்றியும் இருக்கும். விரிசலுக்குள் மணல் புகுந்திருந்தால் விரிசலே இல்லை என்று வரும். சக்கரங்கள் ஓடி ஓடி அமுங்கிய தடப்பள்ளத்தில் மணல் நிரம்பியிருந்தால் சாலை சமமாக இருப்பதாக வரும். மணல் வரப்புக் கட்டி நிற்கும் இடத்தில் நல்ல சாலையும் மேடு பள்ளமாகத் தெரியும். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எதைக் காட்டுகிறோம் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நெடுஞ்சாலைப் பிரிவுப் பொறியாளர்களுக்கும், அளவெடுப்புக் குழுக்களுக்கும், பராமரிப்பு ஒப்பந்ததாரர்களுக்கும் எழுதியது. ஊராட்சி ஒன்றியச் சாலைகளைப் பார்ப்பவர்களுக்குச் செல்போனில் செய்யக்கூடியது கடைசியில் இருக்கிறது.

கருவி எதை அளக்கிறது

நாட்டில் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இப்போது ஓடும் நெட்வொர்க் சர்வே வாகனங்களில் பொதுவாக நான்கு உறுப்புகள் இருக்கும்: சாலையின் குறுக்கே கோடு வீசும் லேசரும் அதைப் படிக்கும் கேமராவும், வண்டியின் குலுக்கத்தைக் கழிக்கும் முடுக்கமானி, சக்கரத்தில் பூட்டிய தூரமானி, ஜி.பி.எஸ். பின்பக்கம் இரண்டு லேசர் பெட்டிகள் பூட்டிய வகை ஒரே ஓட்டத்தில் 4 மீட்டர் அகலத்தைப் படிக்கும். குறுக்கே ஏறத்தாழ 1 மி.மீ.க்கு ஒரு புள்ளி. நொடிக்கு 5,600 குறுக்குவெட்டு எடுக்கும் கருவி 100 கி.மீ. வேகத்தில் 5 மி.மீ.க்கு ஒரு வெட்டு தரும், 40 கி.மீ. வேகத்தில் 2 மி.மீ.க்கு ஒன்று. நம் கடலோரச் சாலைகளில் எப்படியும் 40, 50க்கு மேல் நிதானமாக ஓட்ட முடியாது என்பதால் விரிசலைப் பிடிக்க இது நமக்குச் சாதகமே.

இந்தத் தரவிலிருந்து ஐந்து விஷயங்களை எடுக்கலாம்: கரடுமுரடு, அதாவது ஐ.ஆர்.ஐ. என்ற சர்வதேசக் கரடுமுரடு எண்; தடப்பள்ளத்தின் ஆழமும் வடிவமும்; விரிசலின் நீளமும் அகலமும்; குழியின் பரப்பும் கன அளவும்; மேற்பரப்பின் சொரசொரப்பு. நம் பழைய பம்ப் இன்டிகிரேட்டர் (பி.ஐ.) கரடுமுரடுக் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் பி.ஐ. = 630 × ஐ.ஆர்.ஐ.யின் 1.12 அடுக்கு. ஐ.ஆர்.ஐ. 2 என்றால் கி.மீ.க்கு 1,370 மி.மீ. அளவில் வரும், 3 என்றால் 2,160, 4 என்றால் 2,980.

மூன்று அல்லது ஐந்து புள்ளி லேசர் மட்டும் உள்ள பழைய வண்டியைத் தடப்பள்ளத்துக்கு நம்ப வேண்டாம். ஓட்டுநர் ஒரு சாண் விலகினாலே புள்ளி பள்ளத்தின் அடியில் விழாமல் சரிவில் விழும். ஆழம் குறைந்து வரும். டெண்டரில் கருவியைக் குறிப்பிடும்போது முழு அகல லேசர் என்று எழுதுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

இந்த மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஆகவே முதன்மையான ஓட்டம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ இருக்கட்டும். மழை செய்த சேதம் முழுதாக வெளியே தெரியும். மதிப்பீடு போட்டு மார்ச் முதல் வேலை தொடங்கலாம். செப்டம்பரில் இரண்டாவது ஓட்டம், மழைக்கு முன் அடைக்க வேண்டிய விரிசல்களுக்கு மட்டும்.

தனுஷ்கோடிச் சாலைக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த ஒன்பதரை கி.மீ. பகுதியில், தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் சாலையைக் கடந்துகொண்டே இருக்கும். அங்கே செப்டம்பர் ஓட்டம் வைத்தால் மணல் அள்ளி முடித்த மறுநாள் காலையில் வையுங்கள். ஒரு வாரம் தள்ளினால் அள்ளியது வீண்.

நேரம் காலை 9 மணிக்கு மேல். ஜனவரியில் கடலோரத்தில் விடியலில் தார் மேல் ஈரப்படலம் நிற்கும். ஈரத்தில் லேசர் ஒளி சிதறாமல் கண்ணாடிபோல் எகிறிப் போகும்; கேமராவுக்குத் திரும்பி வராது, அல்லது பொய்ப் புள்ளி வரும். வெயில் ஏறி, கையால் தொட்டால் தார் காய்ந்திருப்பது தெரிந்த பிறகே தொடங்குங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரம் பாதையை விட்டுவிடுங்கள். வண்டி நின்று நின்று போனால் கரடுமுரடு எண் கெட்டுப்போகும். வத்தல் காலத்தில் உள்சாலைகளில் குண்டு மிளகாயும் தானியமும் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். முந்தின நாளே ஊருக்குள் சொல்லி வைத்தால் ஒரு பக்கமாவது ஒதுக்கித் தருவார்கள். சொல்லாமல் போய் ஹாரன் அடிப்பதில் பயன் இல்லை.

வண்டி கிளம்பும் முன்

தூரமானியை அளவுதிருத்தம் செய்வதில்தான் பெரும்பாலான குழுக்கள் அவசரப்படுகின்றன. டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும், சக்கரச் சுற்றளவு மாறும். குளிர்ந்த டயரில் திருத்தம் செய்து, பிறகு நாள் முழுக்க ஓட்டினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் வரை ஏறத்தாழ 55 கி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால்கூடக் கடைசியில் 55 மீட்டர் தள்ளிப்போகும். 100 மீட்டர் துண்டாகக் கணக்குப் போடும்போது அது பாதித் துண்டு. பேட்ச் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நல்ல இடத்தைக் கொத்துவது இப்படித்தான் நடக்கிறது.

1. டயர் அழுத்தத்தைச் சரிபார்த்து 10 கி.மீ. ஓட்டிச் சூடாக்குங்கள்.
2. நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட நேரான 1,000 மீட்டரில் மூன்று முறை ஓட்டித் தூரமானியைத் திருத்துங்கள். கி.மீ. கல்லை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாலை அகலப்படுத்தியபோது பல கற்கள் இடம் மாறி நடப்பட்டிருக்கும்.
3. 25 மி.மீ., 50 மி.மீ. உலோகக் கட்டைகளை லேசரின் கீழ் வைத்து உயரம் பாருங்கள். கால் மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் கண்ணாடியைத் துடையுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்.
4. வண்டியை நிறுத்தி, பம்பரை அமுக்கிக் குலுக்குங்கள். குலுக்கத்தை முடுக்கமானி கழித்துவிட்டால் ஐ.ஆர்.ஐ. கிட்டத்தட்டச் சுழியாக நிற்கும். ஏறினால் முடுக்கமானியின் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது லேசரோடு நேரம் ஒத்திசையவில்லை.
5. ஏதாவது ஒரு 500 மீட்டரை மூன்று முறை ஓட்டி ஒப்பிடுங்கள். ஐ.ஆர்.ஐ. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஆடினால் அன்றைய வேலையைத் தொடங்க வேண்டாம்.

இத்தகைய லேசர்கள் பலவும் கண்ணுக்குக் கேடான 3பி வகையைச் சேர்ந்தவை. மேலே சொன்ன சோதனைகள் தவிர, நின்ற வண்டியில் லேசர் எரியக் கூடாது. கட்டை வைத்துப் பார்க்கும்போது அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் காற்றில் லேசர் ஜன்னலின் மேல் ஒரு நாளிலேயே மெல்லிய படலம் படியும். முதலில் காற்றுப் பந்தால் ஊதி மணலை அகற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட நுண்ணிழைத் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். மாலையில் வண்டியின் பின்பகுதியைக் கழுவ மண்டபம், ராமேசுவரம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள். பல இடங்களில் அது உவர்நீர். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இரண்டு கேன் குடிதண்ணீர் போதும். இணைப்பான்களில் மின்கடத்தா கிரீஸ் தடவி வையுங்கள். போல்ட்டுகள் எவர்சில்வராக இருக்கட்டும்.

ஓட்டும்போது

வேகம் 40 முதல் 50 வரை சீராக. 25க்குக் கீழே இறங்கினால் முடுக்கமானி வழிக் கணக்கு தடுமாறும். அந்தத் துண்டின் ஐ.ஆர்.ஐ.யைத் தள்ளிவிட்டு விரிசலையும் தடப்பள்ளத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தடை, பாலத்து இணைப்பு, ரயில்வே கடவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்திக் குறிக்க வேண்டும். தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களுக்குள் வேகத்தடைகளைக் குறிக்காமல் விட்டால் ஊர்ச்சாலை முழுவதும் மோசம் என்று அறிக்கை வரும். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்திலும் அப்படித்தான்: விரிவு இணைப்புகள் ஐ.ஆர்.ஐ.யில் ஊசி ஊசியாக எகிறும். அவற்றைச் சராசரியிலிருந்து விலக்குங்கள். ஆனால் இணைப்பின் இரு பக்க மட்ட வித்தியாசத்தைத் தனியாக எடுத்துப் பாலப் பிரிவுக்குக் கொடுங்கள். நல்ல தரவு அது.

7 மீட்டர் சாலைக்கு இரண்டு ஓட்டம். 5.5 மீட்டர் சாலைக்கும் இரண்டுதான், ஆனால் நடுவில் இரண்டரை மீட்டர் ஒன்றின்மேல் ஒன்று விழும். மென்பொருளில் ஒன்றை வெட்டாவிட்டால் விரிசல் இரட்டிப்பாகும். 3.75 மீட்டர் ஊர்ச்சாலையில் ஒரே ஓட்டம், வண்டி நடுவில் நிற்க வேண்டும். இங்கே சீமைக் கருவேலம் பெரிய தொல்லை. கிளை சாலைக்குள் நீட்டியிருந்தால் ஓட்டுநர் தன்னையறியாமல் ஒதுங்குவார். ஓரத்து அரை மீட்டர் விட்டுப்போகும். இந்தச் சாலைகளில் உடைவது முதலில் ஓரம்தான் என்பதால் அந்த அரை மீட்டரை இழக்க முடியாது. ஓட்டத்துக்கு முன் கிளை வெட்டுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் மரமும் கட்டிடமும் இல்லாததால் செயற்கைக்கோள்கள் நன்றாகத் தெரியும். ஆனால் ஜி.பி.எஸ். இடத்தை ஓடும்போதே துல்லியமாக்கும் ஆர்.டி.கே. திருத்தத்துக்குச் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மூலத் தரவைப் பதிவுசெய்து பிறகு திருத்தும் முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரவு ஏமாற்றும் இடங்கள்

லேசர் இரண்டு படம் தருகிறது: ஒளிப் படம், உயரப் படம். ஒளிப் படத்தில் தார் ஊற்றி அடைத்த பழைய விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். மீன் லாரியிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீரும் நீண்ட கறுப்புக் கோடாகத் தெரியும். ஒளிப் படத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் இரண்டையும் விரிசல் என்று எண்ணும். உயரப் படத்தில் அடைத்த விரிசல் சமமாக இருக்கும், உண்மை விரிசல் பள்ளமாக இருக்கும். விரிசல் கணக்கை எப்போதும் உயரப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மணல் இதற்கு நேர்மாறானது. உயரப் படத்தில் ஏமாற்றும், ஒளிப் படத்தில் மாட்டிக்கொள்ளும்: தாரைவிட மிக வெளுப்பாகத் தெரியும். வெளுத்த பரப்பைத் தனியாகக் குறித்து, 100 மீட்டர் துண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மணல் இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிப் பெருக்கிய பின் மறுபடி ஓட்டுங்கள். டிராக்டரில் பூட்டும் சுழல் துடைப்பம் போதும். முடியாத இடத்தில் நான்கு பேர் துடைப்பத்தோடு. விரிசலுக்குள் இறுகிய மணல் துடைப்பத்துக்கு வராது. ஆகவே இங்கே விரிசலின் ஆழ எண்ணை நம்பாதீர்கள், நீளத்தையும் அகலத்தையும் மட்டும் எடுங்கள்.

சொரசொரப்பு எண் திடீரென்று குறைந்தால் தார் மேலே கசிந்திருக்கலாம், அல்லது ஜல்லிகளின் இடுக்கில் மணல் உட்கார்ந்திருக்கலாம். சக்கரத் தடத்தில் மட்டும் குறைந்தால் தார்க் கசிவு. அகலம் முழுக்கக் குறைந்தால் மணல். எண் ஏறிக்கொண்டே போனால் ஜல்லி பெயர ஆரம்பித்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரிவதற்கு முன்பே எண்ணில் தெரிந்துவிடும். ஸ்கேனருக்குச் செலவழித்த பணம் திரும்பி வருவது இங்கேதான்.

வாலிநோக்கம் போன்று உப்பளங்களை ஒட்டிய சாலைகளிலும், கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்வான பகுதிகளிலும் இன்னொன்றைத் தேடுங்கள். மெல்லிய தார்ப் பரப்பின் கீழ் உவர்நீர் நுண்துளை வழி ஏறி, மேலே வந்து காயும்போது உப்பு படிகமாகி, தாரைக் கீழிருந்து தள்ளும். உயரப் படத்தில் உள்ளங்கை அளவுச் சிறு கொப்புளங்கள், உச்சியில் நட்சத்திரம்போல் பிளந்த விரிசல். சாதாரண விரிசலென்று நினைத்து மேலே எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளித்தால் அடுத்த கோடையில் பக்கத்தில் கிளம்பும். ஒரு குழி வெட்டி, அடித்தள மண்ணை ஒன்றுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி மின்கடத்துதிறன் பாருங்கள்; உப்பு ஏறாத நல்ல துண்டிலும் ஒரு குழி வெட்டி ஒப்பிடுங்கள். அடித்தளம் கெட்டித்தபோது உவர்நீர் ஊற்றியிருந்தாலும் இதே நோய் வரும்.

நடந்து போய்ப் பார்ப்பது

அறிக்கை வந்ததும் பத்து துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள்: மிக மோசம் என்று வந்த நான்கு, நன்றாக இருப்பதாக வந்த மூன்று, நடுவில் மூன்று. சாலையின் குறுக்கே வைக்கும் நேர்விளிம்புச் சட்டம், அதன் கீழ் இடைவெளி பார்க்கும் ஆப்பு அளவி, விரிசல் அளவுகோல், சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு நடங்கள். மென்பொருள் 2 மீட்டர் சட்டத்துக்குக் கணக்குப் போட்டு, நீங்கள் 3 மீட்டர் சட்டத்தால் அளந்தால் தடப்பள்ள ஆழம் ஒத்துப்போகாது. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக இருப்பதாக வந்த துண்டுகளைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். மணல் மூடி மறைத்த சேதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எண்ணிலிருந்து வேலைப்பட்டியலுக்கு

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 82 வழிகாட்டியின் 2015 பதிப்பு நெடுஞ்சாலைக்கு வகுத்த தரம்: விரிசல் பரப்பு நூற்றுக்கு 5க்குள் நல்லது, 10ஐத் தாண்டினால் மோசம், தடப்பள்ளம் 5 மி.மீ.க்குள் நல்லது, 10ஐத் தாண்டினால் மோசம். இது வரிசைப்படுத்த உதவும். என்ன வேலை செய்வது என்பதை வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தடப்பள்ளம் குறுகலாக, இரு கரையிலும் மேடு தள்ளி இருந்தால் கோளாறு மேல் தார்க் கலவையில்: சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். அகலமாக, மேடு இல்லாமல் அமுங்கியிருந்தால் கோளாறு கீழே. மேலே எவ்வளவு போட்டாலும் மறுபடி அமுங்கும். சக்கரத் தடத்தில் முதலைத்தோல் விரிசலும் சேர்ந்திருந்தால், பாரத்தில் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கும் பெங்கெல்மேன் பீம் அல்லது எஃப்.டபிள்யு.டி. சோதனை இல்லாமல் மதிப்பீடு எழுதாதீர்கள். ஸ்கேனருக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும்.

ஒன்றோடொன்று சேராத, 3 மி.மீ.க்குக் குறைந்த விரிசலுக்கு நீர்த்த எமல்ஷன் போதும். அதைவிட அகலமானதைக் கம்பிரசர் காற்றால் அடிவரை ஊதி, உள்ளே ஈரம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு ரப்பர் கலந்த சூடான அடைப்பான் ஊற்றுங்கள். மணல் மீந்திருந்தால் அடைப்பான் தாரில் ஒட்டாது, மணலில் ஒட்டும். ஒரே மழையில் பட்டையாக உரிந்து வரும். ஜல்லி பெயரத் தொடங்கிய, அடித்தளம் நன்றாக உள்ள சாலைக்கு மைக்ரோசர்ஃபேசிங் (எமல்ஷனும் பொடிக்கல்லும் கலந்த மெல்லிய பூச்சு). ஓரத்தில் பெர்ம் (தாரை ஒட்டிய மண் ஓரம்) 50 மி.மீ.க்கு மேல் தாழ்ந்த துண்டுகளைத் தனிப் பட்டியலாக எடுத்துக் கிராவல் போடுங்கள். கடல்மணலை அணைத்தால் காற்று கொண்டுபோய்விடும்.

மேலடுக்குப் போடுவதாக முடிவானால் ஸ்கேன் தரவை அளவுக் கணக்கிலும் பயன்படுத்துங்கள். ஒரு 100 மீட்டர், 3.5 மீட்டர் அகல லேன். 40 மி.மீ. அடுக்குக்கு 14 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.35 டன் என்றால் 32.9 டன். இதே துண்டில் இரண்டு தடப்பள்ளம், ஒவ்வொன்றும் 0.8 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 8 மி.மீ. என்றால் பள்ளத்தை நிரப்ப மட்டும் 1.28 கன மீட்டர், அதாவது 3 டன் கூடுதல். மதிப்பீட்டில் இந்த 3 டன் இல்லாவிட்டால், நடுவில் அடுக்கு மெலிந்துதான் கணக்கு முடியும். பள்ளத்தை முதலில் தனியாக நிரப்பி ரோலர் ஓட்டிவிட்டு மேலடுக்குப் போடுங்கள். ஒரே தடவையில் போட்டால் பள்ளத்தின் மேல் கலவை சரியாக இறுகாது.

தடுப்பில்லாத கடற்காற்றில் கலவை சீக்கிரம் ஆறும். வி.ஜி. 30 வகைத் தாருக்கு 90 டிகிரிக்குக் கீழே போகும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். லாரியைத் தார்ப்பாயால் மூடி, விரிக்கும் துண்டைச் சிறிதாக்குங்கள். டேக் கோட் (புது அடுக்கு ஒட்ட அடிக்கும் எமல்ஷன்) சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ, அடித்த எமல்ஷன் உடைந்து நீர் பிரிந்ததும் உடனே விரித்துவிடுங்கள், மணல் பறந்து வந்து அதன்மேல் உட்காரவிடாதீர்கள்.

செல்போனில்

சில செல்போன்களில் உள்ள லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) விரிசலைப் பார்க்காது, அதற்கு அந்த நுணுக்கம் இல்லை. குழியின் கன அளவுக்கு அது தாராளம். லைடார் இல்லாத போனில் குழியைச் சுற்றி வந்து, படத்துக்குப் படம் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி 30, 40 படங்கள் எடுங்கள். அருகில் 1 மீட்டர் அளவுச் சட்டம் கிடக்கட்டும். அது இல்லாவிட்டால் கணக்குக்கு அளவே இருக்காது. குழியில் தண்ணீரும் மணலும் இல்லாமல் வாரிவிட்டு எடுங்கள், உங்கள் நிழல் விழாமல்.

ஒன்று கவனிக்க வேண்டும். 0.9 மீட்டருக்கு 0.7 மீட்டர், 60 மி.மீ. ஆழக் குழிக்கு, மேலே சொன்ன 2.35 டன் வீதம், ஸ்கேன் கணக்கில் 89 கிலோ கலவை வரும். நல்ல தார் தென்படும் வரை சதுரமாக வெட்டி 1.1க்கு 0.9 மீட்டராக்கி, 75 மி.மீ. ஆழம் எடுத்தால் 174 கிலோ. வெட்டிய பிறகு மறுபடி ஒரு படம் எடுத்து அந்த அளவுக்குப் பில் எழுதுங்கள். வெட்டாமல் குழியை மட்டும் நிரப்பியிருந்தால் அந்த இரண்டாவது படத்தில் அதுவும் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

அளவெடுப்பு நிறுவனம் வண்ண வரைபடமும் சராசரிப் பட்டியலும் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்கும். 100 மீட்டர் வாரியாக எண்கள், ஜி.பி.எஸ். குறியீட்டோடு உயரப் படமும் ஒளிப் படமும், மணல் என ஒதுக்கிய துண்டுகளின் பட்டியல், தடப்பள்ளத்துக்கு எடுத்த சட்ட நீளம், விரிசலுக்கு வைத்த குறைந்தபட்ச அகலம் ஆகியவை வேண்டும் என்று எழுதுங்கள். கடைசி இரண்டும் இல்லாமல் அடுத்த ஆண்டு வேறு நிறுவனம் வந்து ஓட்டினால், சாலை மாறியதா, மென்பொருள் அமைப்பு மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. மூலத் தரவின் பிரதி ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும், மற்றொன்று வேறு கட்டிடத்தில்.